கார்த்திகைக் குறிப்புகள்

நவம்பர் 4
மழை. வயலுக்குள் கால் வைக்க முடியாது. மச்சான் தந்த பென்டிரைவில் 'லொஸ்ட்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் இருந்தது. சிட்னியிலிருந்து லொஸ் ஏஞ்சல்ஸ் போகும் விமானம் உடைந்து தீவொன்றில் விழுகிறது. நடுப்பகுதியில் இருந்தவர்களில் 48 பேர் தப்புகிறார்கள். அம்மா கீரை ஆய்ந்தபடி கதை கேட்டார்.

நவம்பர் 5
கடிதம் வரவில்லை.

நவம்பர் 8
தப்பியவர்களில் ஒருவனான ஹேர்லி ஒவ்வொருவரிடமும் பெயர், ஊர் கேட்டு எழுதிப் பயணிகள் பட்டியலோடு ஒப்பிடுகிறான். ஈதன் என்பவனின் பெயர் அதில் இல்லை.
"பட்டியலை யார் கொடுத்தது?" என்று கேட்டார் அம்மா.
"விமானக் கம்பனியின் பட்டியல், அம்மா."
"நல்ல கம்பனி."

நவம்பர் 9
மின்சாரம் இல்லை. இரணைமடு வான்கதவுகளைத் திறக்கப்போகிறார்கள் என்று கதை அடிபடுகிறது.

நவம்பர் 13
சயீத்தைப் பிடித்திருக்கிறது. ஈராக் இராணுவத்தில் இருந்தவன். நடிப்பவர் நவீன் அன்ட்ரூஸ், லண்டனில் பிறந்த மலையாளி. ஈராக்கில் அமெரிக்கப் படைகள் நின்ற 2004இல், அமெரிக்கத் தொலைக்காட்சியில் இப்படி ஒருவனை மனிதனாகக் காட்டத் துணிவு வேண்டும்.
ஒரு பிரெஞ்சுப் பெண்ணின் அபயக்குரல் 16 வருடங்களாக வானொலியில் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. ஒருவருக்குமா கேட்கவில்லை என்றேன். "கேட்டிருக்கும்" என்றார் அம்மா.

நவம்பர் 16
தெப்பத்தில் கடலுக்குப் போனவர்களை ஒரு படகு மறிக்கிறது. பெடியனைத் தரச் சொல்கிறார்கள். வோல்ட்டைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனார். தேநீர் வைக்கவில்லை, சும்மா நின்றார்.

நவம்பர் 17
தபால்காரர் எங்கள் படலையைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

நவம்பர் 19
ஐந்தாம் பருவத்தின் கடைசிப் பாகம் 2009 மே 13இல் ஒளிபரப்பானதாம். மடிகணினியை மூடிவிட்டேன்.

நவம்பர் 22
பெடியன் கிடைத்தானா என்று அம்மா நச்சரித்ததில், நடுவில் நிறையத் தாண்டி முடிவுக்குப் போனேன். 2010 மே 23இல் ஒளிபரப்பானது. அழுதவர்களும் உண்டு, திட்டியவர்களும் உண்டு. எல்லோரும் விபத்திலேயே இறந்துவிட்டார்கள் என்று இன்றும் சொல்கிறார்கள். அது பிழை, நடந்ததெல்லாம் உண்மை என்று நாயகன் ஜக்கின் தகப்பனே சொல்கிறார். கடைசியில் பெயர்கள் ஓடும்போது விமானச் சிதைவைக் காட்டியதுதான் குழப்பத்தைக் கூட்டியது.
என் கோபம் வேறு. முடிவுத் திகதியை 2007இலேயே குறித்தவர்கள், தொடரை எடுத்த இவர்கள். கேள்விகளையும் இவர்கள்தான் கிளப்பினார்கள். கடைசியில் எல்லோரையும் ஒரு தேவாலயத்தில் கூட்டிக் கட்டியணைக்க விட்டுவிட்டார்கள். புதிரை விடுங்கள், மனிதர்களைப் பாருங்கள் என்று இரசிகர்கள் சிலர் உபதேசம் வேறு செய்கிறார்கள். மனிதர்களைப் பார்ப்பதால்தானே கேட்கிறோம்! என்ன நடந்தது என்று கேட்பவனைச் சின்னப்புத்திக்காரன் ஆக்குவது எவ்வளவு சுலபமாக இருக்கிறது.
"தம்பி, அந்தப் பெடியன் நின்றானா?"
திரும்ப ஓடவிட்டுப் பார்த்தேன். வோல்ட் அங்கே இல்லை. கதையில் கழிந்த நாட்களைவிட வேகமாக நடிகன் வளர்ந்துவிட்டான், அதனால் கதையிலிருந்து ஒதுக்கினார்களாம். அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது?

நவம்பர் 24
டிவிடியோடு வந்த 12 நிமிடத் துண்டொன்று இருக்கிறது! தீவில் முன்பே இருந்தவர்களின் தலைவனாக இருந்த பென் போய் வோல்ட்டைக் கூட்டிக்கொண்டு வருகிறான்.
"வளர்ந்துவிட்டானா?"
"வளர்ந்துவிட்டான், அம்மா."
இரவு அம்மா இரண்டாம் தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

நவம்பர் 27
மாலை கனகபுரம் துயிலுமில்லத்துக்குப் போய்வந்தோம்.

டிசம்பர் 1
கடிதம் வந்துவிட்டது. 14ஆம் திகதி, காலை 9 மணி. அண்ணாவின் அடையாள அட்டைப் பிரதியும் வேண்டுமாம். அட்டை அவனிடம்தான் இருந்தது. அம்மா டிரங்குப் பெட்டியைக் கொட்டித் தேடுகிறார், நான் அலுமாரியை