மாற்று இதயத்துக்கு நெஞ்சுவலி தெரியாது

இலங்கையின் முதல் இதயமாற்றுச் சத்திரசிகிச்சை 2017இல் கண்டியில் நடந்தது. எங்கள் பக்கம் அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒபரேஷனோடு கதையை முடித்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் காவல் தொடங்குகிறது.

பொருத்தும்போது இதயத்துக்கு வரும் நரம்புகள் வெட்டுப்பட்டுவிடும். பிற்காலத்தில் சிலருக்கு ஓரளவு திரும்ப வளரும். மற்றப்படி ரத்தக்குழாய் அடைத்தாலும் வலி வராமல் போகலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி 90, 100 என்று அடிக்கும். ஏற்றம் ஏறும்போது அது உடனே வேகம் எடுக்காது, அதற்கு ரத்தத்தில் அட்ரினலின் ஏற வேண்டும். லயத்துப் படிகளில் ஏறுமுன் ஐந்து நிமிடம் சமதரையில் நடக்கச் சொல்வது அதனால்தான்.

புது இதயத்தை உடம்பு அந்நியமாக நினைத்துத் தாக்குவதுதான் நிராகரிப்பு. அது அதிகம் வருவது முதல் ஆறு மாதத்தில். பலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. அதைக் கண்டுபிடிக்க, கழுத்து நாளத்தின் வழியே மெல்லிய கருவியை விட்டு, இதயத்தின் வலது கீழறைச் சுவரிலிருந்து 1–2 மில்லிமீற்றர் துணுக்குகள் நாலைந்து எடுப்பார்கள். முதல் மாதம் பெரும்பாலும் வாராவாரம், பிறகு இடைவெளி கூடும். அழற்சி திட்டுத்திட்டாக இருப்பதால் எடுத்த துணுக்கில் அகப்படாமலும் போகும். அதனால் ஒரு ‘நல்ல’ ரிப்போர்ட்டை மட்டும் நம்பக்கூடாது. எக்கோ என்ற இதய ஸ்கேன், கொடையாளிக்கு எதிரான பிறபொருளெதிரிகள், வசதியுள்ள இடங்களில் ரத்தத்தில் கலந்திருக்கும் கொடையாளியின் டிஎன்ஏ அளவு, எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

வீட்டார் கையில் இருப்பது நிராகரிப்பைத் தடுக்கும் மருந்தான டெக்ரோலிமஸ். இதில்தான் அதிகம் பிசகுகிறது. 12 மணிக்கொரு தரம் போடும் குளிசைக்கு, அடுத்த வேளை போடுவதற்குச் சற்று முன் ரத்தம் எடுத்தால்தான் அதிலுள்ள மருந்தின் அளவு சரியாகத் தெரியும். முந்தின நாள் மாலை ஆறுக்குப் போட்டுவிட்டு, ஹட்டனிலிருந்து விடிய பஸ் ஏறி, ஒன்பது மணிக்கு ரத்தம் கொடுத்தால் 15 மணித்தியாலம் ஆகிவிடும். அளவு குறைவாகக் காட்டும், டோஸைக் கூட்டுவார்கள், சிறுநீரகம் பாதிக்கப்படும். காலைக் குளிசையை விழுங்கிவிட்டுப் போனால் இதற்கு நேர்மாறு. கடைசியாகப் போட்ட நேரத்தை எழுதிக் கொடுங்கள். வழமையான நேரத்தையே ஒன்பது–ஒன்பதாக மாற்றலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள். ஜம்போலாப் பழம் வேண்டாம், அது ரத்தத்தில் மருந்தைக் கூட்டலாம். அன்டிபயோட்டிக்கான கிளாரித்ரோமைசினும் பூஞ்சை மருந்தான புளுகொனசோலும் கூட்டும், காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் கடுமையாகக் குறைக்கும். வயிற்றோட்டத்திலும் அளவு ஏறலாம். பார்மசியில் எதை வாங்குவதானாலும் முதலில் கிளினிக்கைக் கேளுங்கள்.

வருடங்கள் போகப் போகப் பயப்பட வேண்டியது இதயத்தின் ரத்தக்குழாய்கள் நெடுகத் தடிப்பது. ஒரே இடத்தில் அடைக்காமல் குழாய் முழுக்கச் சீராக ஒடுங்குவதால், ஆரம்பத்தில் அஞ்சியோகிராமில்கூடத் தப்பிவிடும். குழாய்க்குள் அல்ட்ராசவுண்ட் விட்டுப் பார்த்தால் தெரியும். கொலஸ்ட்ரோல் சரியாக இருந்தாலும் அதைக் குறைக்கும் ஸ்டாட்டின் குளிசை கொடுப்பது இதைத் தள்ளிப்போடத்தான். ‘எனக்குத்தான் கொலஸ்ட்ரோல் இல்லையே’ என்று நிறுத்திவிடாதீர்கள்.

காலையில் சிறுநீர் கழித்ததும், சாப்பிடுமுன், ஒரே தராசில் நிறை பாருங்கள். ஒரே நாளில் ஒரு கிலோவோ, வாரத்தில் இரண்டு கிலோவோ ஏறினால், கால் வீங்கினால், தட்டையாகப் படுக்க முடியாமல் மூச்சு வாங்கினால், காய்ச்சல் வந்தால், அன்றைக்கே மாற்றுச்சிகிச்சைப் பிரிவுக்கு அழையுங்கள். அடுத்த கிளினிக் திகதி வரை பொறுத்திருக்க வேண்டாம்.