மெழுகு போன வழி

ஒரு பாகத்தை முழுதாக எரித்து எடை பார்த்தால், உலோகத் தூளைப் பிணைத்து வைக்கும் மெழுகும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த பைண்டர் அளவு சரியாக இருக்கிறது. அதே தட்டில் இருந்த அடுத்த பாகம் உலையிலிருந்து வளைந்து வருகிறது. பௌடர் இஞ்செக்‌ஷன் மோல்டிங் வேலையில் என்னை அதிகம் அலைக்கழித்தது இந்தக் கணக்குதான். சராசரி சரி, சாமான் தப்பு.

தெரியாதவர்களுக்காக வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வார்ப்புக்கு உலோகத்தை உருக்க வேண்டும்; நாங்கள் உருக்குவதில்லை. 20 மைக்ரானுக்குக் கீழான 316எல் ஸ்டெயின்லெஸ் தூளோடு பாரஃபின் மெழுகு, பாலிப்ரொப்பிலீன் என்ற பாலிமர், கொஞ்சம் ஸ்டியரிக் அமிலம் சேர்த்துச் சூட்டில் பிசைவோம். இதுதான் ஃபீட்ஸ்டாக். பிளாஸ்டிக் சாமான் செய்யும் அதே வகை மெஷினில் 160 டிகிரிக்கு மேல் சூடாக்கி மோல்டுக்குள் அழுத்தினால், சுடாத பச்சைச் செங்கல் போல ஒரு பாகம் கிடைக்கும். ஹெப்டேனில் ஊறவைத்து மெழுகைக் கரைத்து, மிச்சப் பாலிமரைச் சூட்டில் ஓட்டி, 1350 டிகிரி வரை கொண்டுபோனால் தூள்மணிகள் ஒன்றோடொன்று பிணைந்து, பாகம் ஏறக்குறைய 15 சதவீதம் சுருங்கி முழு உலோகமாகிவிடும். 1970களில் கலிஃபோர்னியாவில் ரேமண்ட் வீச் வளர்த்தெடுத்த முறை. நான் கோவையில் ஃபவுண்டரியில் இருந்தவன். உலோகம் என்றால் தீப்பொறி பறக்க வேண்டும் என்று பழகிய கண்ணுக்கு, இந்த மெழுகு வேலை முதலில் விளையாட்டாகத் தெரிந்தது.

விளையாட்டு இல்லை என்பதற்கு ஒரு கணக்கு. கன அளவில் தூள் 60, பைண்டர் 40. ஸ்டீலின் அடர்த்தி 7.9, பைண்டருக்கு 0.92. ஆகவே எடையில் பைண்டர் வெறும் 7.2 சதவீதம். தூள் 60 இருக்க வேண்டிய இடத்தில் 59 இருந்தால் இந்த 7.2 என்பது 7.5 ஆகும். பார்க்க ஒன்றுமில்லாத வித்தியாசம். ஆனால் உலையில் சுருக்கம் 14.8 சதவீதத்திலிருந்து 15.3க்குப் போய்விடும். 20 மில்லிமீட்டர் நீளத்தில் அது 0.1 மில்லிமீட்டர். ஒரு முனை 60, மறுமுனை 59 என்றால் பாகம் வளையாமல் என்ன செய்யும்?

ஜோஹன்னஸ்பர்கின் கிழக்கே, பெனோனி பக்கம் இருக்கிறது எங்கள் பட்டறை. அங்கே நாங்கள் செய்த ஒரு நெம்புகோலுக்கு அந்தக் கதிதான். தடித்த குமிழ் ஒன்று, அதிலிருந்து நீளும் மெல்லிய நாக்கு. பொருள் குமிழ் வழியாக நுழைந்து நாக்கின் நுனிவரை ஓட வேண்டும். நுனி வளைந்தது. எல்லாம் வளைந்திருந்தால் மோல்டைத் திருத்தியிருக்கலாம். சில வளைந்தன, சில நேராக வந்தன. தூளை விட்டு மெழுகு பிரிந்து போகும் கசிவுதான் என்று எல்லோரும் சொன்னார்கள். கசிவை எப்படி அளப்பது என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு.

மெஷினில் மோல்டைப் பொருத்தி ஓட்டிவைக்கும் எங்கள் செட்டர், பெனோனியில் இந்தியர்கள் வாழும் ஆக்டன்வில்காரர். தாத்தா காலத்தில் நேட்டால் கரும்புத் தோட்டத்திலிருந்து புறப்பட்ட தமிழ்க் குடும்பம். பேச்சு ஆங்கிலத்தில்தான், ஆனால் என்னைத் தம்பி என்பார், நான் அண்ணா என்பேன். அவருக்குச் சுத்தம் முக்கியம். மோல்டின் இரண்டு பாதியும் சேரும் முகத்தில் மெழுகு பூத்திருந்தால் உடனே துணியால் துடைத்துவிடுவார். நல்ல பழக்கம்தான். ஆனால் கசிந்த மெழுகு முழுவதும் அந்தத் துணியோடு குப்பைக்குப் போய்க்கொண்டிருந்தது. "அண்ணா, துடைங்க, ஆனா துடைச்சதை என்கிட்ட கொடுங்க" என்றேன். ஒரு மாதிரி பார்த்தார்.

துணியை விட்டு, தூசி உதிராத தாளுக்கு மாறினோம். தாளை எடைபோட்டு, ஒரு சொட்டு ஹெப்டேன் விட்டு முகத்தைத் துடைத்து, ஹெப்டேன் ஆவியானதும் மறுபடி எடைபோட வேண்டும். கூடியது மெழுகு. ஏட்டில் இவ்வளவு எளிது. நடப்பில் தாள் எங்களை ஏய்த்தது. இந்த மேட்டுநிலத்தில் கோடைக்கால மதியங்களில் திடீரென்று இடிமழை பிடித்துக்கொள்ளும். காலையில் உலர்ந்திருந்த காற்று மாலையில் ஈரமாகிவிடும். தாள் அந்த ஈரத்தைக் குடிக்கும். நாங்கள் தேடும் மில்லிகிராம்கள் அதில் மூழ்கிவிடும். ஆடி மாதம் இங்கே நடுக்குளிர்காலம். அண்ணா வீட்டில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றி எங்களுக்கும் ஒரு தூக்குப் பாத்திரத்தில் கொண்டுவருவார். அந்த நாட்களில் காற்று வற்றிக் கிடக்கும், உதடு வெடிக்கும், தாளின் எடை அசையாது. வருஷம் முழுவதும் ஆடியாக இருக்குமா? அதனால் எதையும் துடைக்காத ஒரு வெற்றுத் தாளை எப்போதும் கூடவே வைத்து, அது எவ்வளவு கூடியதோ அதைக் கழித்துக்கொண்டோம். தராசு எவ்வளவு விலையானாலும் இந்த வெற்றுத் தாள் இல்லாமல் அந்த எண் ஒன்றுக்கும் உதவாது.

தாள் சொன்னது ஒரு பாதிதான்: மோல்டை விட்டு வெளியே போன மெழுகு. காற்று வெளியேற வெட்டிய பள்ளம் தூள்மணியின் பருமனுக்கு நெருக்கமாக இருந்தது. மணிகள் வாயை அடைத்துக்கொள்ள, மெழுகு மட்டும் வடிந்து போயிற்று. ஆனால் பாகத்துக்கு உள்ளேயே நடக்கும் இடமாற்றத்தைத் தாள் காட்டாது. குமிழில் குறைந்தது நாக்கில் கூடினால் மொத்தம் மாறாது. முழுப் பாகத்தை எரித்தபோது எல்லாம் சரியாக வந்த ரகசியம் இதுதான்.

அடுத்து அடர்த்தி பார்த்தோம். நீரில் மூழ்கடித்து எடைபோடும் பழைய ஆர்க்கிமிடீஸ் வழி. மெழுகுப் பரப்பில் நீர்க்குமிழி ஒட்டும். ஒரு சொட்டு சோப்புநீர் விட்டால் போகும். அதுவல்ல சிக்கல். அடர்த்தி குறைந்தால் பைண்டர் கூடியது என்று பொருளா, உள்ளே காற்றுப்பொந்து இருக்கிறது என்று பொருளா? தராசுக்கு இரண்டும் ஒன்று. அடர்த்தியை வைத்து ஒரு தொகுதியைச் சந்தேகிக்கலாம், தீர்ப்புச் சொல்ல முடியாது. பலர் அடர்த்தியோடு நிறுத்திவிடுகிறார்கள். விலை மலிவு, வேகம் அதிகம் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

கடைசியில் கைகொடுத்தது டிஜிஏ. சிறு துணுக்கைச் சூடாக்கிக்கொண்டே எடையைத் தொடர்ந்து பதிவுசெய்யும் கருவி. 20 மில்லிகிராம் போதும். அது ஒன்றரை மில்லிமீட்டர் சதுரக் கட்டிக்குச் சற்றே பெரியது. ஆகவே குமிழில் ஒன்று, நாக்கின் வேரில் ஒன்று, நுனியில் ஒன்று என்று வெட்டி எடுக்கலாம். ஆர்கான் வாயுவில்தான் ஓட்ட வேண்டும். காற்றில் ஓட்டினால் நுண்தூள் ஆக்சிஜனை ஏற்று எடை கூடும். பைண்டர் போன இழப்பை அது மறைத்துவிடும். வெட்டும்போதும் கவனம் தேவை. பிளேடு சூடேறினால் வெட்டுமுகத்தில் மெழுகு இழுபட்டுவிடும். ஒரே இடத்திலிருந்து எடுத்த துணுக்குகளுக்குள்ளேயே எவ்வளவு ஏற்றத்தாழ்வு வருகிறது என்று முதலில் தெரிந்துகொண்ட பிறகே குமிழையும் நுனியையும் ஒப்பிட்டேன். இந்தப் படியைத் தாண்டிக் குதித்தவர்கள் காட்டும் அழகான வரைபடங்களை நான் நம்புவதில்லை.

டிஜிஏ கோட்டில் இரண்டு படிகள் தெரியும். மெழுகும் ஸ்டியரிக் அமிலமும் முதலில், சுமார் 200 டிகிரியிலிருந்து 350 வரை போகும். பாலிப்ரொப்பிலீன் அதற்கு மேல். எல்லோரும் இரண்டையும் கூட்டி மொத்த இழப்பை எழுதுவார்கள். கூட்டாமல் தனித்தனியே எழுதிய நாளில்தான் ஒரே வியாதி என்று நினைத்தது இரண்டு வியாதி என்று தெரிந்தது.

சாதாரண ஓட்டத்தில் வந்த பாகங்களில் நுனியில் இரண்டு படிகளும் சேர்ந்தே கூடியிருந்தன. மெழுகு தனியாகக் கசியவில்லை. மொத்த பைண்டரும் தூளை முந்திக்கொண்டு ஓடியிருக்கிறது. அகலமான குமிழிலிருந்து ஒடுங்கிய நாக்குக்குள் திரும்பும் மூலையில் தூள் பின்தங்குகிறது. இதற்கு மருந்து தள்ளும் வேகத்தைக் குறைப்பது, மூலையை வளைவாக்குவது.

மின்வெட்டு முடிந்து மின்சாரம் வந்ததும் அடிக்கும் முதல் பாகங்களில் கதை வேறு. முதல் படி மட்டும் கூடியிருந்தது. பாலிப்ரொப்பிலீன் இருந்த இடத்திலேயே இருந்தது. மெழுகு மட்டும் தனியே விலகியிருக்கிறது. 2023ஐ இந்த நாட்டில் தொழில் செய்தவர்கள் மறக்க மாட்டார்கள். லோட் ஷெட்டிங் என்ற முறைவைத்த மின்வெட்டின் அட்டவணை கைப்பேசியில் வந்துவிடும். ஒரே நாளில் பல தடவை, ஒவ்வொரு தடவையும் இரண்டு மணி நேரம் அல்லது அதற்கு மேல். மெஷினில் பொருளைச் சூடாக்கும் உருளையான பேரலுக்குள் ஃபீட்ஸ்டாக் இளகிய நிலையில் நிற்கும், மெல்ல ஆறும், மறுபடி சூடேறும். பாலிமர் கெட்டியானது, மெழுகு நீர்த்தது. நிற்கிற நேரத்தில் மெழுகுக்கு வழி கிடைத்துவிடுகிறது.

இதற்கு வேகத்தைக் குறைத்துப் பயனில்லை. மின்சாரம் போகும் முன் பேரலைக் காலிசெய்ய வேண்டும். இங்கேதான் சண்டை வந்தது. வெளியே தள்ளும் ஃபீட்ஸ்டாக் விலையைக் கணக்குப் பிரிவு முன்வைத்தது. திரும்பப் பிசைந்து பயன்படுத்தலாமே என்றார்கள். மெழுகு விலகியது மட்டும்தான் என்றால் பிசைந்தால் சேர்ந்துவிடும், வெளியேறிய மெழுகு பிசைந்தால் திரும்பி வராது என்றேன். எது எவ்வளவு என்பதைத் தாளும் டிஜிஏவும் சேர்ந்துதான் சொல்ல முடியும். கணக்குப் பிரிவுக்கு அது பிடிக்கவில்லை. அவர்களுக்கு ஒரு பாகத்துக்கு ஓர் எண் வேண்டும். நாங்கள் கொடுத்தது நுனிக்கும் குமிழுக்கும் உள்ள வித்தியாசம், அதிலும் மெழுகுக்கு ஒன்று, பாலிமருக்கு ஒன்று. இரண்டு எண்கள். முணுமுணுத்துக்கொண்டு ஏற்றுக்கொண்டார்கள்.

2024 மார்ச் கடைசியில் லோட் ஷெட்டிங் நின்றது. பத்து மாதம் ஒரு தடங்கலும் இல்லை. மெழுகு எண் இறங்கியது. ஆனால் திங்கட்கிழமைக் காலைகளில் மட்டும் அது இன்னும் தலைதூக்குகிறது. வெள்ளி மாலை பேரலைக் காலி செய்துவிட்டுத்தான் போகிறோம், பேரலில் நின்றதால் என்று சொல்ல முடியாது. மோல்டு குளிர்ந்து கிடக்கிறது, முதலில் அதை இன்னும் கொஞ்ச நேரம் சூடாக்கி வைக்கணும் என்கிறார் அண்ணா. பேரலுக்குள் பொருளைத் தள்ளும் ஸ்க்ரூவின் முனையில் அது பின்னால் திரும்பாமல் தடுக்கும் வளையம் தேய்ந்திருக்கும் என்பது என் சந்தேகம். ஸ்டீல் தூள் எதையும் அரைக்கும், மெழுகு அந்த இடுக்கு வழியாகப் பின்னால் நழுவலாம். அவர் சொல்வதைச் சோதிப்பது சுலபம் என்பதால் அதை இப்போதே செய்துகொண்டிருக்கிறோம். என்னுடையதற்கு மெஷினைப் பிரிக்க வேண்டும். டிசம்பர் நடுவில் இங்கே தொழிற்சாலைகள் மூடும்போது ஸ்க்ரூவைக் கழற்ற அனுமதி கிடைத்திருக்கிறது.