கடலில்லாத கால்கரியில் மூன்று கடல்களின் மீன்

கனடாவுக்கு மூன்று பக்கம் கடல்: பசிபிக், அட்லாண்டிக், ஆர்க்டிக். நாங்கள் வந்து இறங்கிய ஆல்பர்ட்டா மாகாணத்துக்கோ ஒரு பக்கமும் கடல் இல்லை. கால்கரி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் மேலே, ராக்கி மலைகளுக்குக் கிழக்கே இருக்கிறது. வான்கூவர் துறைமுகத்துக்குக் காரில் போக வேண்டுமென்றால் மலைப்பாதையில் ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர். மாட்டிறைச்சிக்குப் பேர்போன ஊர் இது. விருந்து என்றாலே இங்கே ஸ்டேக்தான்.

கடலோரத்தில் வளர்ந்த எனக்கும் மனைவிக்கும் முதல் குளிர்காலத்தில் பனியைவிட மீன்தான் பெரிய குறையாக இருந்தது. சூப்பர் மார்க்கெட்டில் கிடைத்ததெல்லாம் தோலுரித்து, முள்ளெடுத்து, பிளாஸ்டிக் தட்டில் ஒட்டிவைத்த வெள்ளைத் துண்டுகள். தலை இல்லை, வால் இல்லை, என்ன மீன் என்று பார்த்துச் சொல்ல ஒரு செதில்கூட இல்லை. பாசா குழம்பில் கரைந்து காணாமல் போனது. திலாப்பியாவில் சேற்று வாடை. வளர்ப்பு சால்மனின் கொழுப்பு புளியோடு சேரவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் மீன் குழம்பு வாசனை இல்லாத வீடாக எங்கள் வீடு இருந்ததில்லை. அந்தக் குளிர்காலத்தில் ஞாயிறும் சாம்பார்தான்.

அலுவலகத்தில் ஒருவர் நகர மையத்தில் இருக்கும் ஒரு கடலுணவு ரெஸ்டாரண்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார். வெள்ளை மேசைவிரிப்பு போட்ட, முன்பதிவு இல்லாமல் இடம் கிடைக்காத இடம். திருமண நாளுக்குப் போகலாம் என்றேன்.

"மலை மேல கடல் மீனா? அந்தக் காசுக்கு ரெண்டு வாரத்துக் காய்கறி வாங்கலாம்ங்க."

"ஒரு தடவ போய்ப் பார்த்துட்டு வந்துரலாம். பிடிக்கலேன்னா அப்புறம் பேச்சே எடுக்க மாட்டேன்."

கதவைத் திறந்ததும் இருவருக்கும் ஒரே விஷயம்தான் பட்டது. மீன் கடையில், மீன் சமைக்கும் வீட்டில் இருக்கும் அந்த வாடை துளியும் இல்லை. கடல் மீனின் உடலில் டிரைமெத்தில் அமீன் ஆக்சைடு என்ற பொருள் உண்டு. அதற்கு வாசமே கிடையாது. மீன் செத்த பிறகு பாக்டீரியாக்கள் அதை டிரைமெத்தில் அமீனாக மாற்றும்போதுதான் நாம் மீன் வாடை என்கிறோமே, அது கிளம்புகிறது. புளியும் எலுமிச்சையும் அதை அடக்குவது அவற்றின் அமிலத்தால். அங்கே அடக்குவதற்கு எதுவுமே இல்லை. அந்த ஒன்றிலேயே மனைவியின் முகத்தில் இருந்த சந்தேகம் பாதி போய்விட்டது.

எங்களுக்குப் பரிமாறிய பெண்மணி பிலிப்பைன்ஸிலிருந்து வந்து குடியேறியவர். கடலோரத்துக்காரர்கள் என்று சொன்னதும் அவர் பேச்சே மாறிவிட்டது. மெனுவை மூடி வைத்துவிட்டு, இன்று எது எங்கிருந்து வந்தது என்று சொல்ல ஆரம்பித்தார். நான் இந்த நாட்டின் வரைபடத்தைக் கற்றுக்கொண்டது அந்த மேசையில்தான். அதுவரை கனடா என்றால் எனக்கு எங்கள் தெருவும், ரயில் நிலையமும், அலுவலகமும்தான்.

முதலில் வந்தது ஆய்ஸ்டர், அதாவது கடல் சிப்பி. நொறுக்கிய பனிக்கட்டி மேல் பாதி ஓட்டில், சமைக்காமல். உயிரோடு இருக்கும் ஒன்றை அப்படியே வாயில் போட வேண்டும் என்றதும் மனைவி தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டாள். தட்டில் இரண்டு வகை. ஒன்று வான்கூவர் தீவின் ஃபேனி பே. இன்னொன்று நாட்டின் அந்தக் கோடியில், பிரின்ஸ் எட்வர்ட் தீவிலிருந்து வந்த மால்பெக். பசிபிக் வகை கொஞ்சம் இனிப்பாக, வெள்ளரிக்காயை நினைவூட்டும் வாசத்தோடு, சதைப்பற்றாக இருந்தது. அட்லாண்டிக் வகை சின்னது, கெட்டியானது. வாயில் வைத்ததும் முதலில் உப்பு, கடித்த பிறகுதான் இனிப்பு. சின்ன வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, வினிகரில் மிளகோடு ஊறவைத்த ஒரு சாறு பக்கத்தில் இருந்தது. முதல் ஆய்ஸ்டரை எதுவும் விடாமல் சாப்பிடுங்கள், அடுத்ததற்கு வேண்டுமானால் ஒரு சொட்டு விடுங்கள் என்றார் அந்தப் பெண்மணி. சரியான யோசனை. அலையில் குளிக்கும்போது வாய்க்குள் போகும் தண்ணீரின் சுவை அது. கடலைப் பார்க்காமல் மாதக்கணக்கில் இருந்தவனுக்கு அது என்ன செய்யும் என்பதை எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. நான் பேசாமல் இருப்பதைப் பார்த்துவிட்டு மனைவி தானாகவே ஒன்றை எடுத்துச் சாப்பிட்டாள்.

அந்த இரண்டு ஆய்ஸ்டர்களின் கதையையும் பின்னால் தேடிப் படித்தேன். வான்கூவர் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் இன்று வளர்க்கப்படும் பசிபிக் ஆய்ஸ்டர் அந்த மண்ணுடையதே அல்ல. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டது. மால்பெக் வளைகுடாவிலோ 1915இல் ஒரு நோய் வந்து அங்கிருந்த ஆய்ஸ்டர்களை ஏறக்குறைய அழித்தே விட்டது. நோயைத் தாங்கிப் பிழைத்த கொஞ்சத்திலிருந்துதான் தீவு முழுவதும் மறுபடி பெருகியது. வந்து வேர்விட்ட ஒன்றும், அழிவிலிருந்து மீண்ட ஒன்றும் ஒரே தட்டில். ஊரைவிட்டு வந்து ஒரு வருடம்கூட ஆகாத எனக்கு அதைப் படித்தபோது நெஞ்சு நிறைந்தது.

இவ்வளவு தூரம் எப்படிக் கெடாமல் வருகிறது? ஆய்ஸ்டருக்கு அது சுலபம். ஓட்டை இறுக மூடிக்கொண்டு, தன்னுள்ளே இருக்கும் கடல்நீரிலேயே, சரியான குளிரில் ஒரு வாரத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். திறந்து கிடப்பதைத் தட்டினால் மூட வேண்டும். மூடாவிட்டால் செத்தது, குப்பைக்குத்தான். மூட்டைக்கு மூட்டை, அறுவடை செய்த இடமும் நாளும் எழுதிய சீட்டு இருக்கும். மீனுக்கு வேறு கணக்கு. வான்கூவரிலிருந்து கால்கரிக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம். காலையில் கரைக்கு வந்த மீன் சாயங்காலம் இங்கே சமையலறையில் இருக்க முடியும். ஆழ்கடலுக்குப் போன படகு கரை திரும்பப் பல நாள் ஆகும். அத்தனை நாளும் மீன் ஐஸில் கிடக்கும். ஆக, மீனின் தரம் பெரும்பாலும் படகிலேயே முடிவாகிவிடுகிறது. பிடித்தவுடன் ரத்தத்தை வடித்து, குடலை எடுத்து, அங்கேயே கடுங்குளிரில் உறையவைத்த மீன், துறைமுகத்தில் வெயிலில் கிடந்த மீனைவிடப் பல மடங்கு நல்லது. வேகமாக உறையவைத்தால் சதைக்குள் உருவாகும் பனித்துகள்கள் சின்னதாக இருக்கும், சதை கிழியாது. மெதுவாக உறைந்தால் பெரிய துகள்கள் சதையைக் குத்திக் கிழித்து, உருகும்போது சாறெல்லாம் வடிந்துவிடும். சூப்பர் மார்க்கெட் துண்டுகள் ஏன் சக்கையாக இருந்தன என்பது அன்று விளங்கியது.

அடுத்தது சேபிள் மீன். இங்கே பிளாக் காட் என்றும் சொல்கிறார்கள், ஆனால் காட் மீனுக்கும் இதற்கும் உறவில்லை. பசிபிக்கின் ஆழத்தில், ஆயிரம் மீட்டருக்குக் கீழும் வாழும் மீன். அந்தக் குளிருக்கு உடலெல்லாம் எண்ணெய். பிரிட்டிஷ் கொலம்பியாவில் பிடிப்பதில் பெரும்பகுதி வெகுகாலமாக ஜப்பானுக்கே போய்க்கொண்டிருந்ததாம், அங்கே அதற்கு அவ்வளவு மவுசு. வெள்ளை மிசோ என்ற ஜப்பானியச் சோயா விழுதோடு, சாக்கே, மிரின் என்ற அரிசி மதுக்களும் சர்க்கரையும் சேர்த்த கலவையில் இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, மேலே லேசாகக் கருகும்படி சுட்டிருந்தார்கள். முள்கரண்டியை வைத்தால் போதும், இதழ் இதழாகப் பிரிந்தது. விழுதின் உப்பும் இனிப்பும் கருகலும் மீனெண்ணெயோடு சேர்ந்து வந்தன. என் மனைவி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "இதுக்குச் சோறு வேணும்ங்க" என்றாள். உண்மை. கேட்டதும் ஒரு சின்னக் கிண்ணத்தில் சோறு கொண்டுவந்து வைத்தார்கள். அன்றைக்குச் சாப்பிட்டதில் முதலிடம் எதற்கு என்று கேட்டால், தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

பிறகு ஸ்காலப் என்ற சிப்பிச் சதை, அட்லாண்டிக் கரையில் இருக்கும் நோவா ஸ்கோஷியாவின் டிக்பியிலிருந்து. பாஸ்பேட் கலந்த தண்ணீரில் ஊறவைக்காதது என்று மெனுவிலேயே எழுதியிருந்தார்கள். ஊறவைத்ததைக் கல்லில் போட்டால் தண்ணீர் விட்டு வெந்துதான் போகும், பொன்னிறமாக முறுகாது. இது நன்றாக முறுகியிருந்தது. லாப்ஸ்டர் என்ற சிங்கி இறாலில் வெண்ணெயும் க்ரீமும் கூடிப்போய் அதன் சொந்தச் சுவையே தெரியவில்லை. மெனுவிலேயே விலை அதிகம் அதற்குத்தான். மறுபடி நான் வாங்க மாட்டேன்.

ஆர்க்டிக் சார் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சால்மனின் உறவுக்கார மீன், நிறமும் அப்படித்தான், கொழுப்பு இன்னும் மென்மை. நுனாவுட் பிரதேசத்தில் கேம்பிரிட்ஜ் பே என்ற ஊர் ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே இருக்கிறது. அங்கே இனுயிட் பூர்வகுடி மீனவர்கள் ஆற்றில் பிடித்து, சிறு விமானத்தில் ஊருக்குக் கொண்டுவந்து, பதப்படுத்தித் தெற்கே அனுப்புகிறார்கள். தோலை மொறுமொறுவென்று வறுத்து, வேறொன்றும் அதிகம் செய்யாமல் வைத்திருந்தார்கள். உப்பும் கொஞ்சம் எலுமிச்சையும்தான். நான் ஒருநாளும் போகப்போவதில்லை என்று நினைக்கும் ஒரு கரையிலிருந்து யாரோ எனக்காகப் பிடித்து அனுப்பியது. அந்த நன்றியோடுதான் சாப்பிட்டேன்.

கிளம்பும்போது அந்தப் பெண்மணி, மே மாதம் மறுபடி வாருங்கள், ஸ்பாட் பிரான் வரும் என்றார். பசிபிக் கரையில் கூடுகளை இறக்கிப் பிடிக்கும் இறால் அது. பருவம் மே மாதத்தில் தொடங்கி சில வாரங்களில் முடிந்துவிடும். எல்லாமே ஆணாகத்தான் வளர்ந்து, பிறகு பெண்ணாக மாறுகின்றன. ஆயுள் நான்கு வருடம் போல. செத்தால் தலையில் இருக்கும் நொதிகள் சீக்கிரமே சதையைக் கூழாக்கிவிடும். அதனால் உயிரோடு வர வேண்டும், இல்லையென்றால் தலையைக் கிள்ளி உடனே உறையவைக்க வேண்டும்.

அந்த மே மாதம் அம்மா எங்களோடு தங்க வந்திருந்தார். அழைத்துப் போனோம். உடலைப் பச்சையாகவே, பனிக்கட்டி மேல், கொஞ்சம் உப்பு தூவி வைத்தார்கள். அதன் இனிப்பு எங்கள் இருவருக்கும் பிடித்தது, அம்மா தொடவில்லை. தலைகளை மாவில் புரட்டி எண்ணெயில் பொரித்துத் தனித் தட்டில் கொண்டுவந்தார்கள். அம்மா ஒன்றை எடுத்துக் கடித்தார். பிறகு தட்டையே தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இத இவ்வளவு பெரிய கடையில எப்படிப்பா செய்யுறாங்க? நம்ம வீட்டுச் சமையல் மாதிரியில்ல இருக்கு."

"நல்லா இருக்காம்மா?"

"காரம் பத்தல. மத்தபடி ஒரு குறையும் இல்ல."

புதிதாக வருகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மெனுவில் சிலவற்றுக்கு விலை போட்டிருக்காது, அன்றைய சந்தை விலை என்று மட்டும் இருக்கும். எவ்வளவு என்று கேட்பதில் எந்தக் கூச்சமும் வேண்டாம், எல்லோரும் கேட்கிறார்கள். ஆல்பர்ட்டாவில் மாகாண விற்பனை வரி கிடையாது, மத்திய அரசின் 5 சதவீத ஜிஎஸ்டி மட்டும்தான். டிப்ஸ் தனி, 15 முதல் 20 சதவீதம் வரை வைப்பது வழக்கம். நல்ல ஆய்ஸ்டர் ஒன்று நான்கு டாலரைச் சுற்றி வரும். ஆனால் மாலை ஐந்து மணிக்கு முன் சில கடைகளில் பாதி விலைக்குக் கொடுப்பார்கள். இரண்டு பேருக்கு முழு விருந்து சாப்பிட்டால் மாதச் செலவில் துண்டு விழும் என்பது உண்மைதான். நாங்கள் ஒரு சூப்பை, சில ஆய்ஸ்டர்களை, ஒரு சேபிள் மீனைப் பகிர்ந்துகொண்டு எழுந்துவிடுகிறோம். யாரும் முகம் சுளித்ததில்லை.

இந்த ரெஸ்டாரண்டால் எங்கள் வீட்டுச் சமையலும் மாறியது. இப்போது மீன் வாங்கும்போது 'ஃப்ரெஷ்' என்ற பலகையைப் பார்ப்பதில்லை, கடலிலேயே உறையவைத்தது எது என்று கேட்கிறோம். வெற்றிடப் பையில் வந்தால் முதலில் பையைக் கிழித்துவிட்டு, ஃப்ரிட்ஜில் ராத்திரி முழுக்க வைத்து உருகவிடுகிறோம். காற்றுப் புகாத பைக்குள்ளேயே உருகினால் நச்சுக் கிருமி வளர வாய்ப்பு உண்டு. சேபிள் மீன் குழம்புக்கு ஆகாது, எண்ணெய் அதிகம், உடைந்துவிடும். வறுவலுக்கு அருமை. குழம்புக்கு ஹாலிபட் என்ற பெரிய தட்டை மீன். கெட்டியான வெள்ளைச் சதை, புளியையும் மிளகாயையும் நன்றாக இழுக்கும். கொதி அடங்கிய பிறகு போட்டு, ஐந்து நிமிடத்தில் அடுப்பை அணைத்துவிட வேண்டும். கொழுப்பு குறைந்த மீன், கூடுதலாக வெந்தால் வறண்டு போகும். ஹாலிபட் பருவம் மார்ச் மாதத்தில் தொடங்குகிறது. அதை வெட்டி விற்கும் கடைக்காரரிடம் தலையும் கன்னச் சதையும் வேண்டும் என்று முன்பே சொல்லி வைத்தால், வெள்ளிக்கிழமை விமானத்தில் வந்ததும் எங்களுக்கென்று எடுத்து வைக்கிறார். ஞாயிறு மதியம் இப்போது சாம்பார் இல்லை.