கொல்லங்கோடு இரண்டு ஊரான கதை

மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்க்கிற சிலர் சேர்ந்து ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ரப்பர் தளிர்க்கும் தை, மாசியில் எடுத்த தேனை ஊர்வாரியாகக் கூட்டித் தரச் சொன்னார் மாமா. பைத்தான் நிரல்மொழியில் பத்து வரி, அரை மணி நேர வேலை என்று உட்கார்ந்தேன். இரண்டு நாள் ஆனது.

கோப்பைத் திறந்ததுமே பிழை. தலைப்பு வரியில் ‘ஊர்’ என்ற சொல்லின் புள்ளியிலேயே நின்றுவிட்டது. எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் முறைக்குக் குறிமுறை என்று பெயர். அது எதுவென்று நான் சொல்லாததால், என் விண்டோஸ் கணினியில் பைத்தான் ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய குறிமுறையை எடுத்துக்கொண்டது. கோப்பு இருந்ததோ யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு குறிமுறையில். அதில் புள்ளிக்கு மூன்று பைட். அந்த மூன்றில் கடைசி பைட்டுக்குப் பழைய அட்டவணையில் இடமே இல்லை. திறக்கும்போதே யூடிஎஃப்-8 என்று எழுதினேன், ஓடியது. சரி, முடிந்தது என்று நினைத்து மாமாவுக்கு அனுப்பினேன்.

ராத்திரி போன் வந்தது. “மக்கா, எங்க ஊரு எப்ப ரெண்டாச்சு?”

பார்த்தால் கொல்லங்கோடு இரண்டு வரியில் இருந்தது, இரண்டு கூட்டுத்தொகையோடு. கண்ணுக்கு எந்த வித்தியாசமும் இல்லை. இடைவெளி ஏதும் ஒட்டியிருக்குமோ என்று வெட்டிப் பார்த்தேன், இல்லை. கடைசியில் ஒவ்வொன்றிலும் எத்தனை யூனிகோடு குறிகள் என்று எண்ணச் சொன்னேன். ஒன்று 11, இன்னொன்று 13. நாம் படிக்கும்போது அதில் ஆறே எழுத்து! பழைய எழுத்துருவில் தட்டி யூனிகோடுக்கு மாற்றிய வரிகளில், ‘கொ’வும் ‘கோ’வும் கொம்பு தனி, கால் தனி என்று பிரிந்து கிடந்தன. புதிதாகத் தட்டியவற்றில் இரண்டும் சேர்ந்த ஒரே குறி. திரையில் ஒன்றுபோலத்தான் தெரியும். கணினிக்கு வேறு வேறு சொல். படித்ததும் எல்லாச் சொல்லையும் என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது பிரிந்த குறிகளைச் சேர்த்து எழுதும் யூனிகோடு வடிவத்துக்கு, மாற்றும் ஒரு வரியைச் சேர்த்தேன். இரண்டும் 11 ஆயின, ஊரும் ஒன்றானது. தமிழைத் தொடுகிற எந்த நிரலிலும் இந்த வரியை முதலில் எழுதுங்கள்.

அதுவும் தீர்க்காத ஒன்று உண்டு. ‘கௌரி’யைச் சிலர் ‘கெ’வும் ‘ள’வும் சேர்த்து ‘கெளரி’ என்று தட்டியிருந்தார்கள். அது எழுத்துப் பிழை, என்எஃப்சி தொடாது. ‘கெள’ எல்லாவற்றையும் ஒரே அடியாக ‘கௌ’ என்று மாற்றிவிடலாமா என்று கை போனது. ஆனால் இதே நிரலை நாளைக்குக் குளச்சல் மீன் கணக்குக்கு ஓட்டினால், ‘கெ’வும் ‘ள’வும் சரியாகவே வரும் கெளுத்தி என்னவாகும்? அதனால் அந்தப் பெயர்களை மட்டும் தனியாக அச்சிட்டு மாமாவிடம் கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் பேனாவால் திருத்தித் தந்தார்.