ஒன்பதாவது மார்க் ஷீட்டும் ஒரு கிக்-ஆஃபும்

ஒன்பதாம் வகுப்புக்கு மார்க் ஷீட் கேட்கிற விளையாட்டு அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் என்பது எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. நான் ஒன்பதாவது முடித்தது கரூர் பக்கம் ஒரு பள்ளியில். அப்புறம் அப்பாவின் எச்-1பி வேலையோடு ஜார்ஜியாவுக்கு வந்து பத்தாம் கிரேடில் சேர்ந்தேன். சாக்கர் (நம் ஊர்க் கால்பந்து) ஆடிக்கொண்டிருந்தவனை ஹைஸ்கூல் கோச் ஃபுட்பாலுக்குக் கிக்கராக, அதாவது பந்தை உதைப்பது மட்டுமே வேலையாக உள்ளவனாக, இழுத்துக்கொண்டார். கல்லூரி எதுவும் ஸ்காலர்ஷிப் தரவில்லை. மிச்சமிருந்தது வாக்-ஆன் வழி. ஃபீஸை நாமே கட்டிச் சேர்ந்து, அணித் தேர்வுக்குப் போய், எடுத்தால் நிற்கலாம்.

இங்கே பிள்ளை வளர்க்கிற தமிழ் அப்பாக்கள் அவ்வப்போது என்னைக் கூப்பிட்டு, "பையன் நல்லா உதைக்கிறான், வாக்-ஆன் போகலாமா?" என்று கேட்கிறார்கள். உதைப்பதைப் பற்றி நான் கடைசியில்தான் பேசுவேன். முதலில் காகிதம். ஸ்காலர்ஷிப்பில் வரும் பையனுக்கு ஒரு தாள் குறைந்தால், கோச்சின் உதவியாளர் முதல், விளையாட்டு விதிகளைக் கவனிக்கிற கல்லூரியின் கம்ப்ளையன்ஸ் ஆபீஸ் வரை எல்லோரும் அதைத் துரத்துவார்கள். வாக்-ஆனின் தாள் வராவிட்டால் அங்கே யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

விதி இதுதான். டிவிஷன் ஒன்று என்ற மேல்மட்டப் பிரிவில் ஆட, கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் எலிஜிபிலிட்டி சென்டர் சான்று தர வேண்டும். ஒன்பதாம் கிரேடிலிருந்து 16 கோர் கோர்ஸ் (ஆங்கிலம், கணிதம், அறிவியல் போன்ற அடிப்படைப் பாடங்கள்) முடித்திருக்க வேண்டும். படித்த ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் அசல் ஆவணம் வேண்டும். என் ஜார்ஜியா பள்ளியின் டிரான்ஸ்கிரிப்டில் கரூர் ஒன்பதாவதுக்கான கிரெடிட் ஏற்கெனவே ஏறியிருந்தது. அது செல்லாது. கரூர்ப் பள்ளியே தர வேண்டும். இந்த விவரத்தை எங்கள் கம்ப்ளையன்ஸ் ஆபீஸில் இருந்தவர் எனக்குச் சொன்னது செமஸ்டர் பாதி போன பிறகு. அதுவரை போன போதெல்லாம் "எல்லாம் வந்துவிட்டது, காத்திரு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டபோது திரையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது இப்போது புரிகிறது. அங்கே யார் "எல்லாம் சரி" என்று சொன்னாலும், உங்கள் கணக்கைத் திறந்து எந்தப் பள்ளிக்கு எதிரே டிக் விழுந்திருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

ஊரில் சித்தப்பா போனார். ஆபீஸ் கிளார்க் சொன்னதை அப்படியே எனக்குப் போனில் நடித்துக் காட்டினார். "ஒம்பதாவதுக்கு எவனுங்க மார்க் ஷீட் கேக்குறான்? பத்தாவது, பன்னெண்டாவதுன்னா போர்டு குடுக்கும். இதுக்கு ரேங்க் கார்டு குடுத்திருப்போமுங்க, வூட்ல தேடிப் பாருங்க." சித்தப்பா அமெரிக்காவில் பந்து விளையாடக் கேட்கிறார்கள் என்றிருக்கிறார். "பந்து வெளையாட மார்க் எதுக்குங்க?" நியாயமான கேள்விதான், என்னிடமும் பதில் இல்லை.

டிசி வாங்கிக்கொண்டு போன பையனுக்கு இனி எதற்கும் பொறுப்பில்லை என்பது அந்த ஆபீஸின் நிலை. நான் படித்தபோது இருந்த ஹெச்.எம். ஓய்வுபெற்றுவிட்டார். புதிதாக வந்தவர், தான் பார்க்காத மார்க்குக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். திங்கட்கிழமை வாருங்கள் என்பார்கள், திங்கட்கிழமை போனால் மீட்டிங். கடைசியில் லேப் அறையில், பழைய விடைத்தாள் கட்டுகளுக்கு அடியில் மதிப்பெண் பதிவேடு கிடைத்தது. கண்டுபிடித்தது அதே கிளார்க்தான். அவர் தேடியே இருக்காவிட்டால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும். பதிவேட்டைக் கண்ணால் பார்த்ததும் ஹெச்.எம். கையெழுத்துப் போட்டார்.

லெட்டர்ஹெட்டில், ஆங்கிலத்தில், முத்திரையோடு, ஒட்டிய உறையில் சித்தப்பா கையில் கொடுத்தார்கள். அனுப்புநர் இடத்தில் பள்ளி முகவரியைப் போட்டு ஸ்பீட் போஸ்டில் அனுப்பினால் வேலை முடிந்தது. ஆனால் சித்தப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. "உள்ள சரியா எழுதியிருக்கானான்னு பாத்துருவோம் தம்பி" என்று பிரித்துப் படித்துவிட்டு, செல்லோடேப் ஒட்டி அனுப்பிவிட்டார். பிரித்த உறை செல்லாது. மறுபடி பள்ளிக்கு.

இரண்டாவது உறை பிரிக்காமல் வந்து சேர்ந்தது. அதில் வந்தது அடுத்த வம்பு. பள்ளிப் பதிவில் என் பெயருக்கு முன்னால் ஓர் இனிஷியல், அவ்வளவுதான். பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர் சர்நேமாக இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த கல்லூரி ஆபீஸ்காரருக்கு இது இரண்டு பையன்கள். "இந்த ஒற்றை எழுத்து உன் நடுப்பெயரா?" என்று கேட்டார். தமிழ்நாட்டில் சர்நேம் என்று ஒன்று கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்து முன்னால் நிற்கும் என்று நான் விளக்க விளக்க, அவர் முகத்தில் சந்தேகம் கூடிக்கொண்டே போனது. பிறப்புச் சான்றிதழ், அப்பாவின் பாஸ்போர்ட் நகல், இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன் கையெழுத்திட்ட கடிதம், எல்லாம் கொடுத்த பிறகுதான் நகர்ந்தது. ஒன்பதாவதோ அதற்கு மேலோ ஊரில் படித்த பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், பள்ளியில் கடிதம் கேட்கும்போதே இனிஷியலை விரித்து எழுதச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ள வரிசையிலேயே எழுதச் சொல்லுங்கள். இரண்டு உறையாக வாங்கி, ஒன்றைப் பிரிக்காமல் பீரோவில் வையுங்கள்.

அடுத்தது ரத்தப் பரிசோதனை. 2006-இல் ரைஸ் பல்கலைக்கழகத்தில் டேல் லாயிட் என்ற 19 வயது வீரர் பயிற்சி ஓட்டத்தில் சுருண்டு விழுந்து, மறுநாள் இறந்துபோனார். அவருக்கு அரிவாள் செல் (சிக்கிள் செல்) மரபுக்கூறு, அதாவது ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளைய வழிவைக்கும் பரம்பரைத் தன்மை, இருந்தது, அது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அதன் பிறகுதான், 2010 முதல், டிவிஷன் ஒன்றில் இந்தப் பரிசோதனை வந்தது. இங்கே பிறந்தவர்கள் பிறந்தவுடன் எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவைக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். நம்மிடம் அது இருக்காது. நான் போன கிளினிக்கின் முன் மேஜையில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இது கறுப்பின மாணவர்களுக்குத்தான், உனக்கு வேண்டாம்" என்று திருப்பி அனுப்பினார். அணித் தேர்வு அன்று, விடிவதற்கு முன் போய் வரிசையில் நின்றால், சிக்கிள் செல் முடிவு இல்லாதவர்கள் ஓரமாக வரவும் என்றார்கள். உள்ளே விடவில்லை. ஷூவைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

இந்தியாவில் இந்த மரபுக்கூறை முதன்முதலில் கண்டறிந்தது 1952-இல், நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். பின்னால் இதைப் படித்தபோது அந்த மேஜைக்காரரைத் தேடிப் போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது. பரிசோதனை எல்லோருக்கும் பொது. யார் வேண்டாம் என்றாலும் எடுத்துவிடுங்கள், முடிவை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

விடுபட்டவர்களுக்கு மறுபடி ஒரு தேர்வு வைத்தார்கள், அது என் அதிர்ஷ்டம். 2018 தொடக்கம், நல்ல குளிர். ஹைஸ்கூலில் ஃபீல்ட் கோலுக்கு, அதாவது இரண்டு கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுப்பதற்கு, பந்தை இரண்டு அங்குல ரப்பர் கட்டையின் மேல் வைத்து உதைக்கலாம். கம்பங்களுக்கு இடையே 23 அடி 4 அங்குலம் இருக்கும். கல்லூரியில் கட்டை கிடையாது, பந்து வெறும் தரையில். கம்ப இடைவெளி 18 அடி 6 அங்குலம். கட்டை போனதும் முதலில் பாதிப் பந்துகள் தாழ்வாகப் போய், முன்னால் நிற்கிற தடுப்பாளனின் கைக்குச் சரியாக வரும். அதற்கு மருந்து ஒன்றுதான்: ஊன்றுகாலைக் கொஞ்சம் முன்னே நகர்த்தாமல், பின்னே இழுக்காமல், பந்துக்குப் பக்கவாட்டிலேயே ஒரே இடத்தில் வைக்கப் பழகுவது. நான் அந்த ஒரு விஷயத்தை மட்டும் கோடை முழுக்கப் பார்க்கிங் ஓரப் புல்லில் செய்திருந்தேன்.

தேர்வில் பந்தைப் பிடித்து வைக்க வந்தவர் ஒரு மாணவ மேனேஜர், பாவம். பந்தின் தையல் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்றே அவருக்குத் தெரியாது. அது கம்பத்தைப் பார்த்து இருக்க வேண்டும். எனக்கு முன் உதைத்த பையனின் காலுக்குத் தையல் வந்து பந்து கோணலாகப் போயிற்று. நான் பையிலிருந்து, பந்தைத் தரையில் நிமிர்த்திப் பிடித்துக்கொள்கிற என்னுடைய மூன்றுகால் இரும்பு ஸ்டாண்டை எடுத்து வைத்துக்கொண்டேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை. கிக்கராகத் தேர்வுக்குப் போகிறவர்கள் சொந்த ஸ்டாண்ட் இல்லாமல் வீட்டை விட்டே கிளம்பாதீர்கள். அன்று மாலை மின்னஞ்சல் வந்தது, எடுத்துவிட்டார்கள்.

எடுத்த பிறகு என்ன? ஆகஸ்ட் முகாமுக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு உண்டு. முதல் வருடம் என்னைக் கூப்பிடவில்லை. வகுப்பு தொடங்கிய பிறகுதான் சேர முடிந்தது. பயிற்சியில் வாரம் முழுக்க, அடுத்து மோதப்போகிற எதிரணியின் கிக்கர் மாதிரி உதைப்பது என் வேலை. வலப்பக்கம் தாழ்வாக உதைப்பவன் என்றால் நானும் அப்படி, உயரமாகத் தூக்குபவன் என்றால் நானும் அப்படி. என் சொந்த உதை எப்படி இருக்கும் என்று எனக்கே மறந்துபோன வாரங்கள் உண்டு. சாப்பாட்டுக்குக் குறையில்லை, 2014-இல் விதி மாறி வாக்-ஆன்களுக்கும் சாப்பாடு இலவசம் ஆகியிருந்தது. அதற்கு முன் ஆடிய அண்ணன் ஒருவர், மற்றவர்கள் உள்ளே சாப்பிடும்போது தான் காசு கொடுத்து வெளியே சாப்பிட்டதைச் சொல்லிக் கடுப்பாவார்.

இன்ஷூரன்ஸ்தான் அடுத்த அடி. இடுப்புத் தசை பிடித்துக்கொண்டபோது எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார்கள். குடும்ப இன்ஷூரன்ஸ் முதலில், கல்லூரியுடையது இரண்டாவது. என்சிஏஏ-வின் பெருவிபத்துக் காப்பீடு 90,000 டாலரைத் தாண்டினால்தான் வாயைத் திறக்கும். அணியின் டிரெய்னர் கையெழுத்திட்ட பரிந்துரைத் தாள் மருத்துவமனைக்குப் போகவே இல்லை என்று பில் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அப்பா தன் மதிய இடைவேளைகளை எல்லாம் இன்ஷூரன்ஸ் போனில் காத்திருக்கும்போது ஒலிக்கிற இசையைக் கேட்டே கழித்தார். அந்தத் தாளின் படத்தை போனில் வைத்திருந்ததால்தான் தப்பித்தோம். அங்கே வாங்குகிற எந்தத் தாளையும் படமெடுக்காமல் கொடுக்காதீர்கள்.

விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு இன்னொன்று. 21 வயதானதும், அப்பாவைச் சார்ந்து கிடைத்த எச்-4 விசா போய், மாணவர் விசாவான எஃப்-1-க்கு மாறினேன். 2021 ஜூலையில் வீரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம் என்று விதி திறந்தது. உள்ளூர்க் கடைக்காரர் ஒருவர் கிக்கர்கள் எல்லோருக்கும் சின்னத் தொகை தருகிறேன் என்றார். மற்றவர்கள் வாங்கினார்கள், நான் வாங்கவில்லை. எஃப்-1-இல் அது அனுமதியில்லாத வேலையாகிவிடலாம். கல்லூரியின் சர்வதேச மாணவர் ஆபீஸில் கேட்காமல் ஒரு இலவச பர்கருக்குக்கூடப் பதிவு போடாதீர்கள்.

ஆடினேனா என்றால், ஆடினேன். ஒரு சின்ன அணியை நாங்கள் துவைத்துக்கொண்டிருந்த ஆட்டம், கடைசிக் கால்பகுதி. கிக்-ஆஃபுக்கு, அதாவது பந்தை எதிரணிப் பக்கம் உதைத்து ஆட்டத்தைத் தொடர, என்னை அனுப்பினார்கள். 35-ஆவது யார்டிலிருந்து உதைத்த பந்து மைதானத்தின் கடைசிப் பகுதியான எண்ட் ஸோனைத் தாண்டி விழுந்தது. டச்பேக், அதாவது எதிரணி அதை எடுத்துத் திருப்பி ஓட முடியாது. அம்மா அதைப் பார்க்கவில்லை. என் ஜெர்ஸி எண்ணையே ஒரு கார்னர்பேக்கும் (தடுப்பு வரிசை ஆட்டக்காரன்) போட்டிருந்தான், கல்லூரியில் அது அனுமதி. அம்மா ஆட்டம் முழுக்க அவனைத்தான் நான் என்று நினைத்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். அவன் நன்றாகத்தான் ஆடினான்.

இப்போது நிலைமை இன்னும் இறுகிவிட்டது. கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றி வீரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு 2025 ஜூன் 6-இல் நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் தந்தார். டிவிஷன் ஒன்றின் பெரிய ஃபுட்பால் பிரிவில் 85 ஸ்காலர்ஷிப் என்ற பழைய வரம்பு போய், சமரசத்தில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அணியில் மொத்தமே 105 பேர் என்றாகிவிட்டது. முன்பு 120-ஐத் தாண்டி வைத்திருந்த அணிகள் உண்டு. குறைக்க வேண்டுமென்றால் முதலில் யார் தலை உருளும் என்று சொல்லத் தேவையில்லை. ஜார்ஜியாவில் இருப்பதால் எல்லோரும் என்னிடம் ஸ்டெட்சன் பென்னட்டைச் சொல்வார்கள், வாக்-ஆனாக வந்து இரண்டு தேசியப் பட்டம் வென்றவர். அவரே நடுவில் ஒரு வருடம் மிசிசிப்பியில் ஜூனியர் காலேஜுக்குப் போய், ஸ்காலர்ஷிப்போடுதான் திரும்பி வந்தார் என்பதை யாரும் சொல்வதில்லை.

ஆகவே கோச் "ப்ரிஃபர்டு வாக்-ஆனாக வா" (ஸ்காலர்ஷிப் இல்லை, ஆனால் அணியில் இடம் உண்டு) என்று வாயால் சொன்னால், அந்த 105-இல் பையன் இருக்கிறானா, ஆகஸ்ட் முகாமுக்குக் கூப்பிடுவார்களா, இந்த இரண்டையும் மின்னஞ்சலில் கேளுங்கள். "பார்க்கலாம்" என்று பதில் வந்தால் டிவிஷன் மூன்றில் ஆடும் கல்லூரிகள் சிலவற்றையும் விண்ணப்பப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். அங்கே விளையாட்டு ஸ்காலர்ஷிப் என்பது யாருக்குமே கிடையாது, கிக்கருக்கு முதல் வருடமே ஆடக் கிடைத்தாலும் கிடைக்கும்.