ஊறுகாய்ப் பாட்டிலுக்குள் பன்னிரண்டாயிரம் அடி

துபாயில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன் விடுமுறை நாள்களில் விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிக்கிறான் என்பது எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இன்னும் தெரியாது; அவர்கள் இணையத்தில் வலைப்பதிவு படிப்பவர்கள் அல்லர் என்ற துணிச்சலில்தான் இதை எழுதுகிறேன். மணிக்கட்டில் அவன் கட்டிக்கொள்ளும் உயரமானி நன்றாகவே வேலை செய்கிறது. ஆனாலும், "அண்ணா, இது காட்டுற நம்பர் எப்படி வருதுன்னு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. நீங்க ஒண்ணு செஞ்சு குடுங்க, உள்ள என்ன நடக்குதுன்னு நானும் படிச்சுப் பாக்கறேன்" என்று சென்ற முறை ஊருக்கு வந்தபோது கேட்டான். பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் மின்னணுக் கருவிகளைப் பழுது பார்த்துப் பிழைக்கும் எனக்கு மறுக்கக் காரணம் எதுவும் இருக்கவில்லை.

உறுப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாஷ் நிறுவனத்தின் பி.எம்.பி.390 காற்றழுத்த உணரி, ஓர் எஸ்.டி.எம்.32 மைக்ரோகண்ட்ரோலர், கடும் வெயிலிலும் படிக்கக்கூடிய மெமரி எல்.சி.டி. திரை, சிறிய லித்தியம் பாலிமர் பேட்டரி, மெமரி கார்டு ஆகியவை போதும். இவற்றை இணைத்துத் திரையில் ஓர் எண்ணை வரவழைப்பது ஒரு மாலை நேர வேலை. அந்த எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்று கண்டறிவதில்தான் மற்ற மாதங்கள் எல்லாம் போயின.

உயரமானி உயரத்தை அளப்பதில்லை. அழுத்தத்தை அளந்து, அதிலிருந்து உயரத்தைக் கணக்கிடுகிறது. கணக்குக்கு அடிப்படையாக உலகெங்கும் கொள்ளப்படும் திட்ட வளிமண்டலத்தில் கடல் மட்டத்தில் அழுத்தம் 1013.25 ஹெக்டோபாஸ்கல், வெப்பநிலை 15 டிகிரி. ஒவ்வொரு கிலோமீட்டர் ஏறும்போதும் வெப்பநிலை 6.5 டிகிரி குறையும். குதிப்பவர்கள் வழக்கமாக விமானத்தை விட்டு வெளியேறும் 4,000 மீட்டர் உயரத்தில் அழுத்தம் ஏறத்தாழ 616 ஹெக்டோபாஸ்கல். தரையருகே ஒரு ஹெக்டோபாஸ்கல் என்பது எட்டு மீட்டருக்குச் சற்றுக் கூடுதல். அந்த உயரத்திலோ பன்னிரண்டு மீட்டருக்கும் மேல். ஆகவே, உணரியின் பிழை ஒன்றாகவே இருந்தாலும் மேலே போகப் போக அது பெரிதாகத் தெரியும். நல்ல வேளையாக, துல்லியம் உயிருக்குத் தேவைப்படுவது கீழேதான்.

நம் பக்கத்து வானிலைக்கும் திட்ட வளிமண்டலத்துக்கும் பொருத்தம் குறைவு. நமது அட்சரேகைகளில் காற்றழுத்தத்துக்கும் ஏற்ற இறக்கம் உண்டு: காலை பத்து மணியளவில் உச்சத்தில் இருந்து, மாலை நான்கு மணிக்குள் மூன்று நான்கு ஹெக்டோபாஸ்கல் இறங்கிவிடும். கடை மேசையில் அசையாமல் கிடந்த கருவி பிற்பகலுக்குள் முப்பது மீட்டர் "ஏறி" நிற்பதை முதலில் பார்ப்பவர்கள் உணரி கெட்டுவிட்டது என்றுதான் நினைப்பார்கள். எனவே, தரையில் இருக்கும்வரை கருவி தன் பூஜ்யத்தைத் தானே திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். விமானம் ஏறத் தொடங்கியதும் அதை நிறுத்திவிட வேண்டும். விமானம் விநாடிக்குச் சில மீட்டர் ஏறும், வானிலை மாற்றமோ மணிக்குச் சில மீட்டர்தான் என்பதால் இரண்டையும் பிரித்தறிவது எளிது. வெப்பநிலைச் சிக்கல் வேறு விதமானது. பொத்துண்டி அணையிலிருந்து நெல்லியாம்பதிக்கு ஏறும் சாலையில் கருவியைக் கொண்டுபோனபோது, ஏறிய உயரத்தை அது வரைபடத்தின் சமவுயரக் கோடுகள் சொல்வதைவிடக் குறைவாகவே காட்டியது. திட்ட அளவைவிடக் காற்று 15 டிகிரி சூடாக இருந்தால் ஏறத்தாழ ஐந்து விழுக்காடு குறைத்துக் காட்டும் என்பது கணக்கிலேயே வரும். அதைத் திருத்தாமல் விட்டுவிட்டேன். இருப்பதைவிடத் தரை அருகில் இருப்பதாகச் சொல்லும் பிழை, குதிப்பவனைச் சற்று முன்னதாகவே பாராசூட்டைத் திறக்க வைக்கும், அதனால் கேடில்லை. தவிர, எல்லா உயரமானிகளும் ஒரே விதமாகப் பிழைபட்டால்தான் ஒரே விமானத்திலிருந்து குதிப்பவர்கள் ஒரே எண்ணைப் பேச முடியும்.

கருவியை 4,000 மீட்டர்வரை சோதித்துப் பார்க்க நம் பக்கத்து மலைகளில் வழியில்லை. ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். அதற்கு ஊறுகாய்ப் பாட்டில் உதவியது. நூறு மில்லி கொள்ளும் சிறு கண்ணாடிப் பாட்டிலுக்குள் கருவியின் பலகையை வைத்து, மூடியில் இரண்டு துளைகள் போட்டு, ஒன்றில் கம்பிகளையும் மற்றொன்றில் சிறு குழாயையும் நுழைத்து எம்-சீல் வைத்து அடைத்தேன். குழாயின் மறுமுனையில் அறுபது மில்லி சிரிஞ்சு. அதன் தண்டை முழுக்க இழுத்தால் நூறு மில்லிக் காற்று நூற்று அறுபது மில்லியாக விரிகிறது. 1000 ஹெக்டோபாஸ்கல் 625 ஆக இறங்குகிறது. திரையில் ஏறத்தாழ 3,800 மீட்டர், அதாவது பன்னிரண்டாயிரம் அடிக்குச் சற்று மேல் தெரிகிறது. பலகையே பாட்டிலில் சிறிது இடத்தை அடைத்துக்கொள்வதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே வரும். தண்டை வேகமாக இழுத்துப் பிடித்தால் எண் உச்சிக்குப் போய், பிறகு மெல்ல மெல்லச் சரியும். அது கசிவன்று: சட்டென்று விரிந்த காற்று குளிர்ந்து, பின் கண்ணாடியிலிருந்து வெப்பத்தை வாங்கிக்கொள்வதால் அழுத்தம் சற்றே மீள்கிறது. சிறிது நேரத்தில் சரிவு நின்றால் அது வெப்பம். நிற்காமல் போனால் எம்-சீலில் ஓட்டை.

குதிப்பவன் வயிறு கீழே இருக்கும்படி விழும்போது வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 54 மீட்டர். உணரியின் தடுமாற்றத்தை அடக்க ஒரு விநாடி அளவீடுகளைச் சராசரி எடுத்தால் விடை அரை விநாடி பின்தங்கும்; அதாவது அவன் இருக்கும் இடத்தைவிட 27 மீட்டர் மேலே இருப்பதாகத் திரை சொல்லும். இது நெல்லியாம்பதிப் பிழைபோல் அன்று, ஆபத்தான பக்கம் சாய்வது. ஆகவே சராசரியைக் கைவிட்டு, உயரத்தையும் வேகத்தையும் சேர்த்தே மதிப்பிடும் முறையை எழுதினேன். அதுவும் குறையில்லாதது அன்று: பாராசூட் விரிந்து வேகம் சட்டென்று குறையும் சில விநாடிகளில், பழைய வேகத்தை நம்பிச் சற்றே கீழே போய்த் திரும்புகிறது.

எனக்கு அதிக வேலை வைத்தது காற்று. கருவியின் துளை காற்றை நேராக எதிர்கொண்டால், வேகத்தின் வர்க்கத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தின் இரு மடங்கால் வகுத்தால் கிடைக்கும் அளவுக்கு உயரம் குறைந்து தெரியும். காற்றின் அடர்த்தி இந்தக் கணக்கில் அடிபட்டுப் போவது அழகு. 54 மீட்டர் வேகத்துக்கு அது 149 மீட்டர், ஏறக்குறைய ஐந்நூறு அடி! உடலுக்குப் பின்னே உருவாகும் தாழ்வழுத்தச் சுழலில் கை மாட்டிக்கொண்டால் பிழை எதிர்ப்பக்கம் போகும். மல்லாந்து விழுபவர்களின் கருவி எண்கள் தாவுவது இதனால்தான். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது மொட்டை மாடியில் நின்று கருவியைக் காற்றுக்கு நேராகவும் பக்கவாட்டிலும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். விநாடிக்குப் பத்து மீட்டர் காற்றுக்கு ஐந்து மீட்டர் என்ற கணக்கு கண் முன்னே ஏறி இறங்கியது. இப்போது பெட்டியின் நான்கு பக்கங்களிலும் சிறு துளைகள் இருக்கின்றன. உள்ளே உணரியின் மேல் கறுப்பு ஃபோம். வெளிச்சம் நேரே பட்டாலும் இவ்வகை உணரிகளின் அளவு பிசகும் என்பதால் ஃபோம் அதற்கும் காவல்.

எவரும் பார்க்கவும் மாற்றவும் வடிவமைப்பைப் பொதுவில் வைக்கும் 'திறந்த மூலம்' என்பதை நிரலை வெளியிடுவதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், மெமரி கார்டில் பதிவாக வேண்டியது திரையில் காட்டிய உயரமன்று. உணரி சொன்ன அழுத்தமும் வெப்பநிலையும், எந்தத் திருத்தமும் செய்யப்படாமல். அவை இருந்தால் எவரும் என் கணக்கை எடுத்தெறிந்துவிட்டுத் தம் கணக்கை அதே குதிப்பின் மீது ஓட்டிப் பார்க்கலாம். விங்சூட் என்ற இறக்கை உடை அணிந்து பறப்பவர்கள் பயன்படுத்தும் பிளைசைட் என்ற ஜி.பி.எஸ். கருவி திறந்த மூலமாகவே வளர்ந்தது. அதன் பதிவுகளையும் எவரும் கணினியில் திறந்து படிக்கலாம். என் சுற்றுப்படமும் நிரலும், எவரும் பயன்படுத்தவும் மாற்றவும் இடம் தரும் ஜி.பி.எல். உரிமத்தில் வரும்.

இதை மட்டும் நம்பிக் குதிக்கக் கூடாது என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். 1991-இல் வந்த சைப்ரஸ் போன்ற தானியங்கிக் கருவிகளும் அழுத்தத்தைத்தான் படிக்கின்றன. விநாடிக்கு 35 மீட்டருக்கு மேல் விழுந்துகொண்டே ஒருவர் ஏறத்தாழ 225 மீட்டருக்கு வந்துவிட்டால், மாற்றுப் பாராசூட்டின் பையை மூடிவைத்திருக்கும் கயிற்றை அறுத்துத் திறந்துவிடுகின்றன. அந்த வேலையை வீட்டில் செய்த பலகையிடம் ஒப்படைக்கும் எண்ணம் எனக்கில்லை. இடக்கையில் கடையில் வாங்கியது, வலக்கையில் என்னுடையது என்றுதான் இப்போது குதிக்கிறான். இரண்டும் முரண்பட்டால் இடக்கை சொல்வதே சட்டம். அவன் அனுப்பும் பதிவுகளில், பாராசூட்டை விரிக்கக் கை பின்னே போகும் அந்த நொடியில் மட்டும் வலக்கைக் கருவியின் அழுத்தம் ஒரு பள்ளம் விழுந்து எழுகிறது. அதை நிரலில் மறைப்பதா, அப்படியே காட்டுவதா என்று இருவரும் வாட்ஸ்அப்பில் வாதாடிக்கொண்டிருக்கிறோம்.