ரெஜிஸ்டர்ல பேரை அடிச்சது

"அக்கா, போன வாரம் வரைக்கும் துரிஞ்சியென்சிஸா இருந்தது இன்னிக்கு எப்படி சீரியஸ் ஆகும்?"

எங்க லேப்ல என்கிட்ட வேலை கத்துக்கிட்டிருந்த பையன் இதைத்தான் கேட்டான். துரிஞ்சியென்சிஸ், சுருக்கமா பிடி, பயிர்ப் புழுவக் கொல்ற பாக்டீரியா. சீரியஸ் அதோட நெருங்கின சொந்தம். பிடின்னா உள்ள ஒரு புரதக் கிரிஸ்டல் இருக்கும், சீரியஸ்ல இருக்காது. நான் "கிரிஸ்டல் இல்லையே தம்பி, ஸ்லைட்ல என்ன தெரியுதோ அதைத்தானே எழுத முடியும்"னு சொல்லிட்டு, அவன் எழுதி வச்சிருந்த பேரை அடிச்சு பேசில்லஸ் சீரியஸ்னு எழுதினேன். அவன் ஒண்ணும் பேசல, ஸ்லைடைக் கழுவப் போயிட்டான்.

அந்தக் கிருமிய எடுத்த மண்ணு, கொடைக்கானல் பக்கம் மன்னவனூர்ல அவங்க அப்பா முட்டைக்கோஸ் தோட்டத்துல இருந்து அவனே எடுத்துட்டு வந்தது. இலையெல்லாம் புழு சல்லடையா அரிச்சு வச்சிருந்துச்சாம், நம்ம மண்ணுலயே பிடி கிடைச்சா கடையில வாங்க வேண்டாம்லக்கான்னு சொல்லிட்டே இருப்பான். மண்ணைக் கரைச்சு 80 டிகிரியில சூடு காட்டி, சூட்டத் தாங்குற விதை மாதிரியான ஸ்போர் மட்டும் தப்பிக்க விட்டு, மெழுகு மாதிரி மங்கலா வந்த காலனிய எடுத்து குமாஸி ப்ளூங்கிற சாயம் போட்டு மைக்ராஸ்கோப்புல பாத்தோம். ஸ்போர் வெறும் கோடாத்தான் தெரிஞ்சுது, பக்கத்துலயே கரு நீலத்துல ஒரு சின்ன டைமண்ட், ரெண்டு கூம்பை அடியோட அடி ஒட்டின மாதிரி. நானும் பாத்தேன். அதுதான் என்னால மறக்க முடியல.

நாலஞ்சு தடவை சப்கல்ச்சர், அதாவது புதுப் பிளேட்டுக்கு மாத்தி வளக்கிறது, பண்ணினதுக்கப்புறம் அந்த நீலம் ஒரு ஸ்லைட்லயும் இல்ல.

விதிப்படி நான் செஞ்சது சரிதான். பாக்டீரியாவ அடையாளம் காண பாக்குற 16எஸ்ங்கிற ஜீன் இந்த ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒண்ணேதான், அத வச்சுப் பிரிக்க முடியாது. 1915-ல பெர்லினர்ங்கிற ஜெர்மன் விஞ்ஞானி துரிஞ்சியென்சிஸ்னு பேர் வச்ச கிருமிக்கு அந்தக் கிரிஸ்டல்தான் அடையாளம். புழுவக் கொல்றதும் அதுதான். அது இல்லாதத பிடின்னு எழுதிக் குடுத்து, அவங்க அப்பா நம்பி அடிச்சா? சீரியஸ் பழைய சோத்துல வளந்தா வாந்தி பேதிய குடுக்கிற கிருமி, அதப் போயி திங்கிற காய்மேல அடிக்கச் சொல்ல முடியுமா?

ஆனா அந்தக் கிரிஸ்டலுக்கான ஜீன் பெரும்பாலும் பிளாஸ்மிட்லதான், அதாவது குரோமோசோமுக்கு வெளிய தனியா இருக்கிற டிஎன்ஏ துண்டுலதான் இருக்கும், பிளாஸ்மிட் 42 டிகிரி மாதிரி சூட்டுல திரும்பத் திரும்ப வளத்தா கழண்டு போயிடும். எங்க லேப்ல இருந்தது ஒரே இன்குபேட்டர், கிருமி வளக்குற சூட்டுப் பெட்டி. தண்ணியில மலக் கிருமி (ஃபீக்கல் கோலிஃபார்ம்) இருக்கான்னு பாக்குற வாட்டர் சாம்பிளுக்காக அத 44-ல வச்சிருந்தது நான். 30-ல வைக்க வேண்டிய அவன் பிளேட்டையும் அதுக்குள்ளயே வைக்கச் சொன்னதும் நான்தான். கொடைக்கானல் குளிர்ல வெளிய வச்சா வளராது, வேற வழி இல்லன்னு அப்ப நினைச்சேன். நிஜமாவே வழி இல்லையான்னு இப்ப யோசிச்சா, வாட்டர் சாம்பிள ஒரு வாரம் தள்ளிப் போட்டிருக்கலாம்.

அதனாலதான் போச்சுன்னும் அடிச்சுச் சொல்ல முடியாது, சாதாரணமா சப்கல்ச்சர் பண்ணும்போதும் சிலது இழக்கும். 2000-ல ஒரு பேப்பர் வந்துச்சு, ஆந்த்ராக்ஸ் நோய் குடுக்கிற ஆந்த்ராசிஸ், சீரியஸ், துரிஞ்சியென்சிஸ் மூணுமே ஜெனட்டிக்கா ஒரே ஸ்பீஷிஸ்னு. அதப் படிக்கும்போதெல்லாம், அப்ப நான் பேரே மாத்தலன்னு கொஞ்ச நேரம் ஆறுதலா இருக்கும். உடனே அவன் முகம் வந்துடும். அவனுக்கு வேண்டியது பேர் இல்ல, அந்த நீலப் புள்ளிதான்.

இன்குபேட்டர் விஷயத்த அன்னிக்கே சொல்லியிருக்கணும். அந்த வயசுல பையன் மனசு விட்டுடுவான்னு நினைச்சேனா, என் தப்பு வெளிய வந்துடும்னு நினைச்சேனான்னு இன்னும் எனக்குப் பிடிபடல. போன மாசம் அந்த ரெஜிஸ்டர எடுத்து, சீரியஸ்ங்கிறதுக்குப் பக்கத்துல "குரூப்"னு, இந்த மூணையும் சேத்துச் சொல்ற மாதிரி, சேக்கலாம்னு பேனாவத் திறந்தேன். முடிஞ்ச என்ட்ரிய பின்னாடி திருத்தக்கூடாதுன்னு அவனுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான். மூடி வச்சிட்டேன்.